டிஸ்க் மாற்ற ஒரு மணி நேரம், நாலு ஸ்க்ரூ கழற்ற ஒன்றரை நாள்

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறியது. அதில் ஆரம்பித்த வேலை இது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டிலும் ஓரத்தில் நகம் தட்டும் அளவுக்கு வரப்பு கட்டியிருந்தது. என் காருக்குப் புதிதில் 21 மி.மீ. தடிமன், 19-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று டிஸ்க்கின் தொப்பியிலேயே, அதாவது நடுவில் எழும்பி நிற்கும் பகுதியிலேயே, பொறித்திருக்கிறது. வெர்னியரை வரப்பின் மேல் வைத்து அளந்தால் 20 என்று பொய் சொல்லும். வரப்புக்கு உள்ளே, பேட் உரசித் தேய்ந்த இடத்தில் அளந்தேன். 18.8. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்தேன். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாதபடி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டினேன். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் 17 மி.மீ. போல்ட் இரண்டும் நீளக் கைப்பிடிக்குக் கட்டுப்பட்டு வந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டிஸ்க்கை இழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். வீல் நட் மாட்டும் தண்டுகளான ஸ்டட்களுக்கு நடுவில் இரண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ, தலை டிஸ்க்குக்குள் பதிந்து, துருவின் நிறத்திலேயே உட்கார்ந்திருந்தன.

கையில் இருந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, பலம் கொண்ட மட்டும் இடது பக்கம் திருப்பினேன். 'கிரக்' என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ திரும்பியதாக அரை நொடி சந்தோஷம். பிறகு பார்த்தால் டிரைவரின் முனை நாலு பள்ளத்தையும் விட்டு மேலே ஏறியிருந்தது. ஸ்க்ரூத் தலையில் சிலுவை வடிவம் போய், ஒரு பூ மாதிரி விரிந்த குழி. அதையே இன்னும் இரண்டு முறை செய்தேன். அந்த இரண்டு முறைதான் முட்டாள்தனம். முதல் தடவை வழுக்கியது தெரியாமல் நடந்தது, மற்ற இரண்டும் வீம்பு.

பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, டிஸ்க் ஸ்க்ரூ தலை வழுக்கிடுச்சு."

"எதை வச்சுத் திருகினே?"

"ஸ்டார் டிரைவர்தான்."

"எத்தனாம் நம்பர்?"

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். "ரெண்டுண்ணே."

"அது மூணாம் நம்பர் போடற தலைடா. இனிமே அதைத் தொடாதே. எண்ணெய் விட்டுட்டுப் போய்த் தூங்கு. நாளைக்கு சுத்தியலோட வா."

இரண்டாம் நம்பர் முனை மூன்றாம் நம்பர் பள்ளத்துக்குள் போகும், நிற்கவும் நிற்கும். அதுதான் ஏமாற்று. அடிவரை போய் நாலு சுவரையும் தொடாமல் ஓரங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பலம் கொடுத்ததும் அந்த ஓரத்தைச் சீவிவிட்டு வெளியே வரும். ஜப்பானிய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் சிலுவைத் தலை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவுமுறையில் வெட்டியது. பார்வைக்கு நாம் ஸ்டார் என்று சொல்லும் பிலிப்ஸ் மாதிரியேதான் இருக்கும், ஆனால் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. பல ஸ்க்ரூக்களில் தலையின் ஒரு மூலையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். என் ஸ்க்ரூவிலும் அந்தப் புள்ளி இருந்திருக்கிறது, துருவைச் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. எல்லா வண்டியிலும் ஸ்டார்தான் என்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் மாடல்கள் பலவற்றில் ஆறு முனை டார்க்ஸ், பி.எம்.டபிள்யூ.வில் பெரும்பாலும் ஆலன் கீ. அவையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் இந்த அளவுக்குச் சீக்கிரம் வழுக்காது.

அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஸ்க்ரூவைத் தொழிற்சாலையில் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் முடுக்குகிறார்கள். வீல் நட் ஒவ்வொன்றும் 100-க்கு மேல். சக்கரம் மாட்டியதும் டிஸ்க்கை ஹப்போடு, அதாவது சக்கரம் பூட்டும் சுழலும் நடுப்பாகத்தோடு, சேர்த்து நெரித்துப் பிடிப்பது வீல் நட்கள்தான். ஸ்க்ரூவுக்கு ஓட்டத்தில் எந்த வேலையும் கிடையாது. வண்டி அசெம்பிளி லைனில் நகரும்போது சக்கரம் வரும்வரை டிஸ்க் ஆடாமல் இருக்க வைத்த காவல்காரன், அவ்வளவுதான். பிறகு ஏன் இத்தனை பிடிவாதம்?

விடை தலையின் வடிவத்தில் இருக்கிறது. இது கவுன்டர்சங்க் தலை, அதாவது கீழ்ப்பக்கம் கூம்பு. அந்தக் கூம்பு முழுக்க டிஸ்க்கில் வெட்டிய கூம்புக் குழியோடு ஒட்டி உட்காருகிறது. மழைத்தண்ணீர் அந்த வளைய இடுக்கில் நின்று, பிரேக் சூட்டில் காய்ந்து, மறுபடி நனைந்து, வருஷக்கணக்கில் துரு கட்டுகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த மெல்லிய இடைவெளியில் ஆப்பு அடித்த மாதிரி இறுகும். மரையோ டிஸ்க்குக்குப் பின்னால், ஹப்புக்குள், ஓரளவு மறைவாக இருக்கிறது. ஆக, பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மரை இல்லை, தலை. இது புரிந்த பிறகு நான் எண்ணெய் விட்ட இடமே தப்பு என்று தெரிந்தது. சிலுவைக் குழி நிரம்ப விட்டிருந்தேன். அந்தக் குழிக்கு அடியில் வழி கிடையாது. எண்ணெய் அங்கேயே குளம் கட்டி நிற்கும். போக வேண்டியது தலையைச் சுற்றியுள்ள முடி அளவு இடுக்குக்குள்.

காலையில் அந்த வளையத்தை ஒரு கூர்மையான ஆணியால் சுற்றிச் சுற்றிக் கீறினேன். துருப்பொடி வந்தது. சொட்டுச் சொட்டாகத் துரு இளக்கும் எண்ணெயை அதன் மேல் விட்டேன். ஹப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் மரைத்துளை திறந்திருந்தது, ஸ்க்ரூவின் வால் தெரிந்தது, அங்கேயும் கொஞ்சம். பேட் எல்லாவற்றையும் முன்பே எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். இந்த எண்ணெய் பேட்டில் பட்டால் அந்த பேட் குப்பைக்குத்தான்.

அண்ணன் சொன்ன சுத்தியல் வேலை அடுத்தது. கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. தடித்த இரும்புக் கைப்பிடி, முனையில் பிட், பின்புறம் சுத்தியலால் அடித்தால் உள்ளே இருக்கும் சரிவு அந்த அடியைச் சிறு திருப்பமாக மாற்றும். பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவரும் இதுவும் ஒன்றல்ல. பேட்டரிக் கருவி சுற்றும் திசையில் மட்டும்தான் தட்டும்; முனையைக் குழிக்குள் அழுத்திப் பிடிப்பது உங்கள் கை. இதில் சுத்தியலே முனையை உள்ளே அறைகிறது, அதே நொடியில் திருப்புகிறது. முனை மேலே ஏறி வர இடமே கொடுக்காது. அடியின் அதிர்ச்சி கூம்பில் இருக்கும் துருவையும் நொறுக்கும்.

ஆனால் முதலில் திருப்பவே முயலவில்லை. வழுக்கிய ஸ்க்ரூவின் தலையில் தட்டை முனைப் பஞ்ச்சை வைத்து நேராக நாலு அடி. இதில் இரண்டு லாபம். துரு உடைகிறது; விரிந்துபோன குழியின் உதடுகள் மறுபடி உள்நோக்கி நசுங்கிக் கொஞ்சம் சுருங்குகின்றன. பிறகு புத்தம் புதிய மூன்றாம் நம்பர் பிட்டின் முனையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் துளி தடவி, குழிக்குள் வைத்து அடித்து இறக்கினேன். அந்த பேஸ்ட்டில் இருக்கும் மணல் மாதிரித் துகள்கள்தான் பிடிப்பைக் கொடுப்பவை.

முதல் அடியில் ஒன்றும் நடக்கவில்லை. ஹப் முழுவதும் ஆடியது, அடியில் பாதி பலம் அதிலேயே போனது. வண்டியை கியரில் போட்டும் லேசாக ஆடியது. ஒரு கடப்பாரையை இரண்டு ஸ்டட்களுக்கு நடுவே செருகி அதன் மறுமுனையைத் தரையில் முட்டுக் கொடுத்தேன். ஸ்டட் மரை கெடாமல் இருக்க அவற்றில் நட்டைப் போட்டுக்கொண்டேன். மிச்ச ஸ்டட்களிலும் நட்டை வாஷரோடு முடுக்கி டிஸ்க் தடதடக்காமல் பண்ணினேன். இம்பாக்ட் டிரைவரின் உடலைக் கையால் இடது பக்கம் முறுக்கி, தொய்வே இல்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. பிறகு இன்னொன்று. மூன்றாவதில் முனையோடு சேர்ந்து தலையும் ஒரு மயிரிழை நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். சுற்றிலும் இருந்த துரு வளையத்தில் விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பிறகு சாதாரண டிரைவருக்கே வந்துவிட்டது. பக்கத்து ஸ்க்ரூ இரண்டே அடி. சின்னச் சின்னதாய் இருபது தட்டு தட்டுவது வீண், குழிதான் தேயும்.

இடது சக்கரத்தின் முதல் ஸ்க்ரூவும் மறுபேச்சில்லாமல் வந்தது. நாலாவதைப் பற்றித்தான் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அதில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. சரியான பிட், கீறல், எண்ணெய், பஞ்ச், முட்டு, எல்லாம் இருந்தது. ஐந்தாவது அடியில் தலையின் குழி மொத்தமும் மழுங்கிக் கிண்ணமாகிவிட்டது.

உளியை எடுத்தேன். தலையின் ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, அந்த வெட்டில் உளியைச் சாய்த்து இடது பக்கமாக அடிப்பது பழைய வித்தை. மேலே எழும்பி நிற்கும் தலையில் நன்றாக வேலை செய்யும். இது டிஸ்க்கோடு சமமாகப் பதிந்த தலை. உளி ஓரத்தைச் சீவிச் சீவி ஒரு பக்கம் சப்பையாக்கியது, அவ்வளவுதான்.

பற்ற வைக்கும் டார்ச்சைத் தொடவில்லை. ஹப்புக்குள் பேரிங், அதன் ரப்பர் சீல், பக்கத்தில் ஏ.பி.எஸ். சென்சார், சுற்றிலும் எண்ணெய். அதைவிட முக்கியம், குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயைக் காட்டினால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. கிளீனர் டப்பாவின் எழுத்தைப் படிக்காமல் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மிச்சம் இருந்தது ட்ரில். 3 மி.மீ. துளை போட்டு, கெட்டுப்போன ஸ்க்ரூவை உள்ளிருந்து கடித்துத் திருப்பும் இடதுமரை எக்ஸ்ட்ராக்டரைச் செருகித் திருப்பினேன். திருப்பும்போது கையில் ஒரு ஸ்பிரிங் மாதிரி உணர்வு வந்தது. ஸ்க்ரூ திரும்பவில்லை, எக்ஸ்ட்ராக்டர் முறுக்கிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தினேன். இந்த வேலை முழுவதிலும் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். 3 மி.மீ. துளைக்குள் போகும் எக்ஸ்ட்ராக்டர், அது இழுக்க வேண்டிய 6 மி.மீ. ஸ்க்ரூவைவிட மெலிசு. கூம்பு வடிவம் என்பதால் உள்ளே போகப்போகத் தலையை இன்னும் அகட்டி இறுக்கவும் செய்யும். உள்ளேயே உடைந்தால் அது கடினமாக்கிய எஃகு, சாதாரண ட்ரில் பிட் அதன் மேல் சறுக்கிக்கொண்டே இருக்கும். முழு ஸ்க்ரூவையும் காப்பாற்ற நான் ஏன் போராட வேண்டும்? பிடித்திருப்பது தலை என்றால் தலையை எடுத்தால் போதுமே.

கணக்கு இப்படி. எம்6 கவுன்டர்சங்க் தலையின் உயரம் 3.3 மி.மீ. மரைத்தண்டு 6. ஆக 6.5 மி.மீ. பிட்டால் தலையின் உயரம் வரை துளைத்தால் தண்டிலிருந்து தலை கழன்றுவிடும். பிட்டின் நுனிக்கூம்பு மட்டுமே 2 மி.மீ. பிடிக்கும் என்பதால், நுனியிலிருந்து ஐந்தரை மி.மீ. தள்ளி பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்தேன். டிஸ்க்கின் தொப்பி 7 மி.மீ. தடிமன். டேப் தொட்டதும் நிறுத்தினால் ஹப்பின் மேல் கீறல்கூட விழாது.

சென்டர் பஞ்ச்சால் நடுவைக் குறிப்பதுதான் கஷ்டமாக இருந்தது, உளி சப்பையாக்கிய பக்கத்துக்கே பஞ்ச் நழுவியது. ஏற்கெனவே போட்ட 3 மி.மீ. துளை கொஞ்சம் மையம் விலகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். பரவாயில்லை, பழைய டிஸ்க்கின் குழி ஒரு பக்கம் கடிபட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. 5 மி.மீ., பிறகு 6.5. ட்ரில்லை மெதுவான வேகத்தில் வைத்து, அழுத்தத்தை அதிகமாகக் கொடுத்து, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை எண்ணெய்த் துளி. பிட் சரியாக வெட்டும்போது சுருள் சுருளாகச் சீவல் வரும். பொடியாக வந்தாலோ புகை கிளம்பினாலோ வெட்டவில்லை, உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் கூட்டினால் பிட்டின் முனை நீலம் பாய்ந்து மொட்டையாகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நான் வெறுங்கண்ணோடு ஆரம்பித்துப் புருவத்தில் ஒரு சீவல் ஒட்டிய பிறகுதான் போட்டேன்.

டேப் தொடுவதற்குச் சற்று முன் சத்தம் மாறியது. கரகரவென்று இருந்தது சட்டென்று 'டக்' என்றது. பிட்டை வெளியே எடுத்தால் ஸ்க்ரூத் தலை ஒரு மோதிரமாகப் பிட்டிலேயே மாட்டிக்கொண்டு சுற்றியது.

டிஸ்க் இன்னும் வரவில்லை. நடுத்துளை ஹப்போடு துருவால் ஒட்டியிருந்தது. தொப்பியில் இரண்டு மரைத்துளைகள் சும்மா இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அவை இதற்காகவே வைத்தவை. எம்8 போல்ட் இரண்டை கிரீஸ் தடவி உள்ளே விட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். போல்ட்டின் முனை ஹப்பைத் தள்ள, டிஸ்க் பின்வாங்கி 'பட்' என்று விட்டது.

தலையில்லாத தண்டு ஹப் முகத்திலிருந்து 3 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது, உச்சி கிண்ணமாகக் குழிந்து. வைஸ் கிரிப் பிளையரால் அடியோரமாகக் கடித்துப் பிடித்து, முழு பலத்துக்கும் தயாராகிக் காலை அகட்டி நின்று திருப்பினேன். எந்த எதிர்ப்பும் இல்லை. அரைச் சுற்றுக்குப் பிறகு பிளையரைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே சுழற்றி எடுத்தேன். மரை பளபளவென்று புதிதாக இருந்தது. ஒன்றரை நாள் எனக்குத் தண்ணி காட்டியது அந்த மோதிரம் மட்டும்தான்.

ஹப்பின் மரைத்துளையில் எம்6 மரை வெட்டும் கருவியை ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்தேன். அதற்குப் பிறகு ஹப் முகத்துக்குக் கொடுத்த நேரம்தான் உண்மையில் பிரேக்குக்கான வேலை. கம்பி பிரஷ், பிறகு எமரி ஷீட், ஸ்டட்டின் அடிவரை. அங்கே ஒரு துருச் செதில் மிஞ்சினால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஹப் முகத்தின் விட்டம் 14 செ.மீ. என்றால் டிஸ்க்கின் விட்டம் 26. ஹப் ஓரத்தில் உள்ள சாய்வு டிஸ்க் ஓரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அனுமதிக்கும் ஆட்டமே பொதுவாக 0.05 மி.மீ. அளவுதான். ஆடும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசும், அந்த இடம் மட்டும் மெலியும், பிறகு பிரேக் மிதித்தால் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தடிமன் வித்தியாசம்தான். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் புது டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தேன்: வலது 0.03, இடது 0.04.

இந்த ஸ்க்ரூவே வேண்டாம், அப்படியே விட்டுவிடு என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும்போது ஆபத்தில்லை, உண்மைதான். ஆனால் அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் சாயும், பின்னாலிருந்து துருத்தூள் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே விழும், சுத்தம் செய்ததெல்லாம் போச்சு. நட்டுக்குப் பதில் போல்ட் போடும் சக்கரமாக இருந்தால் துளைகளை நேர்ப்படுத்தவே பாடாய்ப்படுத்தும். அதனால் நாலும் புது ஸ்க்ரூ போட்டேன். துருவால் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மரையில் கொஞ்சம், முக்கியமாகத் தலையின் கூம்பில் மெல்லிய படலமாக. டிஸ்க்கின் உரசும் முகத்தில் படாமல். முடுக்கியது மூன்றாம் நம்பர் டிரைவரால், கை மணிக்கட்டு பலத்துக்கு மட்டும்.

புது டிஸ்க்கில் வரும் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, பேட் மாட்டி, வீல் நட்டைக் குறுக்கு நெடுக்காக டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தேன். அதை மறந்தால் முதல் மிதி தரைவரை போகும். காலி சாலையில் பத்துப் பன்னிரண்டு முறை மிதமாக வேகம் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பேட்டைப் படிய வைத்தேன். உதறல் இல்லை.

அடுத்த வாரம் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். அங்கேயும் டிஸ்க்குக்கு இரண்டு ஸ்க்ரூ. தடிமன் இன்னும் நிறைய இருக்கிறது, மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் நாலையும் இம்பாக்ட் டிரைவரால் தட்டிக் கழற்றி, கூம்பைத் தேய்த்து, பசை பூசி, மறுபடி போட்டுவிட்டேன். மொத்தமாகப் பதினைந்து நிமிஷம் ஆனது.